மாமனார் பூத்த சுவர்

மூக்கைப் பொத்திக்கொண்டு சிரமப்பட வேண்டாம் சார், நேரடியாகவே கேட்டுவிடலாம். ஆமாம், அந்த வாசனை என்னிடமிருந்துதான் வருகிறது. பையிலிருந்து அல்ல, ஆளிடமிருந்தே. குளிக்காமல் வந்துவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். நன்றாகத் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். என் வாசனை போகவில்லை. சோப்பின் வாசனைதான் போய்விட்டது.

கோத்தகிரி வண்டிக்குத்தானே நிற்கிறீர்கள்? அது இப்போதைக்குக் கிளம்பாது. காலையில் நான் இறங்கி வந்த பிறகு வழியில் மண் சரிந்துவிட்டதாம், ஜேசிபி வைத்து அள்ளிக்கொண்டிருக்கிறார்கள். இந்த மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் உட்கார இரண்டே இடம்தான் காலி. அந்த மூலையில் கழிப்பிடம். இந்த மூலையில் நான். எது தேவலை என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அப்படி வாருங்கள். கொஞ்ச நேரத்தில் பழகிவிடும். உலகத்தில் எல்லாருக்கும் பழகிவிட்டது, என் பெண்டாட்டி மயிலாத்தாளுக்குத்தான் பழகவில்லை. அவளுக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். கோபித்துக்கொண்டு சிறுமுகையில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். இன்றைக்கு டவுன் பஸ்ஸில் இங்கே வருகிறாள். “பஸ் ஸ்டாண்டுல நில்லுங்க, வந்து பேசிக்கறேன்” என்று போனில் சொன்னாள். என்னோடு மலையேற வருகிறாளா, இல்லை, நாலு பேர் பார்க்க என்னை நறுக்கென்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போக வருகிறாளா, அதுதான் தெரியவில்லை. தைரியத்துக்கு ஓமத் தைலம் இரண்டு சொட்டு விட்டுக் குடித்தேன். அதிலும் ஒரு வாசனை சேர்ந்துகொண்டது.

எல்லாம் ஒரு சுவரால் வந்தது சார். சுவர்கூட இல்லை. சுவரில் பூத்த பூசணம்.

என் பேர் சென்னியப்பன். கோத்தகிரி மார்க்கெட்டில் ஒரு தைலக் கடையில் என் ஆயுசில் பாதியைக் கழித்தவன். நீலகிரித் தைலம், கிராம்புத் தைலம், எலுமிச்சைப்புல் தைலம், ரோஸ்மேரி, வின்டர்கிரீன் எல்லாம் எனக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி. பாட்டிலைத் திறக்கவே வேண்டாம், குலுக்கினால் போதும், சத்தத்தை வைத்தே எந்தத் தைலம், எந்தக் காட்டு இலை, காய்ச்சினவன் அன்றைக்குச் சாப்பிட்டானா பட்டினியா என்று சொல்லிவிடுவேன். ஒருமுறை ஒரு டூரிஸ்ட் அம்மாள், “இது ஒரிஜினல்தானா?” என்று கேட்டாள். ஒரு சொட்டைத் தரையில் விட்டேன். எதிர்க்கடையில் தும்மினார்கள். அந்தம்மாள் ஒரு பெட்டியாகவே வாங்கிக்கொண்டு போனாள். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். எதிர்க்கடைக்காரன் இன்னும் உயிரோடுதான் இருக்கிறான், மேலே போனதும் கேட்டுப்பாருங்கள்.

இப்போது என் மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராக்கியப்பன். வனத்துறை செக்போஸ்ட்டில் கார்டு. உலகத்தில் வருகிறவன் போகிறவன் எல்லாம் சந்தனக்கட்டை கடத்துகிறான் என்பது அவர் முடிவு. பெண் பார்க்கப் போன அன்றைக்கே என் பையைத் திறந்து பார்த்தவர் அவர். உள்ளே வெற்றிலை பாக்கும் பழமும்தான் இருந்தன. அந்தப் பழத்தையும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார். மீசை என்றால் சாதாரண மீசை இல்லை. இரண்டு பக்கமும் அணில் வால். அந்த மீசைக்குக் கீழே பல் இருந்ததா இல்லையா என்று அவர் பெண்டாட்டிக்கே சந்தேகம், ஏனென்றால் மனுஷன் சிரித்ததே இல்லை.

தலைத்தீபாவளிக்கு மோதிரம் போடுகிறேன் என்றார். போய் விரலை நீட்டினேன். குடையைக் கொடுத்தார். “மலையில மழை ஜாஸ்தி மாப்ளே, மோதிரம் என்ன நனையாம காப்பாத்துமா?” என்றார். ஒரு தடவை எங்கள் வீட்டை ரோட்டில் நின்றபடியே பார்த்துவிட்டு, “இந்தத் தகரக் கொட்டாய்க்குள்ள என்ற காலு வராது” என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். செத்துப்போகிற வரைக்கும் கால் வரவில்லை.

செத்த பிறகு முகம் மட்டும் வந்தது.

இந்த வருஷம் ஐப்பசி மழை எப்படிப் பெய்தது என்று உங்களுக்குத் தெரியாது, நீங்கள் கீழே இருப்பவர். எங்கள் வீட்டில் துவைத்துப் போட்ட வேட்டி தீபாவளி தாண்டியும் காயவில்லை. உப்பு ஜாடியில் உப்பைக் காணோம், தண்ணீர்தான் இருந்தது. செருப்புக்குள் காளான் முளைத்துவிட்டது. அதைப் பறித்துக் குழம்பு வைக்கலாமா என்று யோசித்தேன், மயிலா விடவில்லை. அந்த மழையில்தான் ஹால் சுவரில், சமையல்கட்டு வாசலுக்கு எதிரே, சாம்பல் நிறத்தில் ஒரு பூசணம் பிடித்தது. கூரைத் தகரத்தில் ஓட்டை, அது வழியாகத் தண்ணீர் இறங்குகிறது, அதை அடையுங்கள் என்று மயிலா சொல்லிக்கொண்டே இருப்பாள். ஓட்டை இருப்பது வாஸ்தவம்தான். தண்ணீர் இறங்குவதும் வாஸ்தவம்தான். அதற்கும் பூசணத்துக்கும் என்ன சம்பந்தம், சொல்லுங்கள். பெண்கள் எதையாவது எதோடாவது முடிச்சுப் போடுவார்கள்.

ஒருநாள் காலையில் காப்பித் தம்ளரோடு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“ஏனுங்க, இங்க வாங்க. இது யாருன்னு பாருங்க.”

“யாரு? பூசணம்.”

“நல்லாப் பாருங்க. நெத்தி. மூக்கு. அந்த மீசை.”

பார்த்தேன். அதே நெற்றி. அதே அணில் வால். என்னைப் பார்த்த அதே பார்வை, ‘பையைத் திற’ என்கிற பார்வை.

“எங்கய்யன்!” என்றாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். “என்ற ஊட்டப் பாக்க வந்துட்டாரு. காலு வராதுன்னு சொன்னதனால செவுத்து வழியா வந்திருக்காரு பாருங்க. எத்தனை ரோசம்!”

அன்றிலிருந்து வீட்டில் என் நிலைமை என்ன ஆனது என்று கேளுங்கள். முதல் காப்பி சுவருக்கு. ஆறின பிறகு அது எனக்கு. சாம்பாரில் உப்பு போதுமா என்று சுவரைக் கேட்பாள். நான் டி.வி. போட்டால், “ஐயன் தூங்கறாரு, சத்தத்தக் குறைங்க.” சாயங்காலம் கொஞ்சம் வெளியே போய்வரலாம் என்று கிளம்பினால் சுவரைப் பார்த்து, “அய்யா, இவரு எங்கியோ போறாராமா” என்பாள். கொஞ்ச நேரம் காத்திருப்பாள். பிறகு என்னிடம் திரும்பி, “வேண்டாம்ங்கறாரு.” அவ்வளவுதான். உயிரோடு இருந்தபோது என் வீட்டுக்குள் வராத மனுஷன், செத்த பிறகு வந்து என் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு எனக்கு லீவு இல்லை என்பதா?

சரி, எந்தச் சாமானால் பிழைத்தேனோ அந்தச் சாமானாலேயே மாமனாரை அனுப்புகிறேன் என்று முடிவு செய்தேன். தைலத்துக்குப் பூசணம் ஓடும் சார். கடையில் டூரிஸ்டுகளுக்கு நானே சொல்லி விற்றிருக்கிறேன். ஆனால் அதை அடிக்கிற முறை ஒன்று இருக்கிறது, அது யாருக்கும் தெரியாது. உங்களுக்கு மட்டும் சொல்கிறேன், அந்தக் கண்டக்டர் காதில் விழாமல் குனியுங்கள். எல்லாரும் தைலத்தைத் தண்ணீரில் கலந்து தெளிப்பார்கள். வழிந்து ஓடிவிடும், தண்டம். சுண்ணாம்பு அடிக்கிறவன் என்ன செய்கிறான்? சுவரில் பிடிப்பதற்குக் கஞ்சி கலக்கிறான். அதே வித்தைதான். நல்ல கெட்டியான அரிசிக் கஞ்சி. அதில் பிசுபிசுப்புக்குக் கொஞ்சம் வெல்லப்பாகு. அதற்குமேல் தைலம். துணியில் தோய்த்து ஒத்தி எடுத்தால் சுவரை விட்டுப் போகவே போகாது. என் மூளையில் உதித்தது இது. எந்தப் புத்தகத்திலும் இல்லை.

முதலில் நீலகிரித் தைலம். மயிலா ரேஷன் கடைக்குப் போன நேரம் பார்த்து மாமனாரின் மூஞ்சியெல்லாம் அப்பினேன். நாலு நாள் பார்த்தேன். சார், மனுஷனுக்கு ஜலதோஷம் இருந்திருக்கிறது போல. அது விட்டதும் முகம் பளிச்சென்று தெளிந்துவிட்டது! முன்பு மங்கலாக இருந்த மூக்கு இப்போது துவாரத்தோடு தெரிகிறது.

விடுவேனா? கிராம்புத் தைலம் எடுத்தேன். காரம் என்றால் அப்படிக் காரம், பாட்டிலை வைத்த மேஜை நகர்ந்து உட்கார்ந்தது. அதைக் கஞ்சியில் குழைத்து வாய்ப்பக்கமாகப் பூசினேன். என்ன ஆயிற்று தெரியுமா? அந்த இடத்தில் வெள்ளை வெள்ளையாக, வரிசையாகப் பூத்தது. பல்! பல்வலி தீர்ந்து மனுஷன் சிரிக்கிறார்! வாழ்நாளெல்லாம் சிரிக்காதவர் என் செலவில் சிரிக்கிறார்.

வின்டர்கிரீன் பூசினேன். மூட்டுவலிக்குப் பேர்போனது. கழுத்துப் பிடிப்பு விட்டுவிட்டது. அதுவரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவர் என் நாற்காலிப் பக்கமாகத் திரும்பிவிட்டார்.

கடைசியாக ரோஸ்மேரி. அது முடி வளரும் தைலம் என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அதுதான் நான் செய்த ஒரே தப்பு. மீசை இரண்டு பக்கமும் காது வரைக்கும் போய்விட்டது.

இதில் இன்னொரு கூத்து. நான் ஒளித்து ஒளித்துச் செய்ததை மயிலா பார்த்துவிட்டாள். கையில் துணி, துணியில் கஞ்சி, எதிரே மாமனார். இன்றோடு நம் கதை முடிந்தது என்று நினைத்தேன். அவள் கண்ணில் தண்ணீர்.

“எங்கய்யனுக்குத் தைலம் தேச்சு உடறீங்களா?”

“வயசானவரு, குளிர் காலம்...” என்று இழுத்தேன்.

“உங்களப் போய்க் கல்லு மனசுன்னு நெனச்சனே” என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் நெய் ஊற்றித் தோசை வார்த்தாள். ஆறாத காப்பி கொடுத்தாள். அந்தச் சில நாள் சார், கல்யாணம் ஆன புதுசில்கூட எனக்கு அப்படி ஒரு மரியாதை கிடையாது. தோசையைத் தின்றுகொண்டே நான் மாமனாரை ஒழிக்க வழி தேடினேன். அவர் என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்.

வாசனையைப் பற்றிச் சொல்லவில்லையே. எங்கள் தெருவில் கொசு போய்விட்டது. மொத்தமும் புறப்பட்டுக் குன்னூருக்குப் போய்விட்டதாகக் குன்னூர்க்காரர்களே சொன்னார்கள். தேயிலைத் தோட்டத்துக்குள் மேய வருகிற காட்டெருமை ஒன்று எங்கள் வேலியருகே வந்து தும்மிய தும்மலில் பக்கத்து வீட்டு மாதியம்மாவின் கோஸ் பாத்தி முழுக்கச் சாய்ந்தது. மாதியம்மா மாடு மிதித்துவிட்டது என்கிறாள். அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம்.

அமாவாசை வந்தது. மயிலா சுவருக்கு முன்னால் இலை போட்டு அதிரசம், வடை, பாயசம் என்று படையல் வைத்தாள். சாயங்காலம், நல்ல மூடுபனி. கற்பூரம் இல்லை என்று மாதியம்மா வீட்டுக்கு வாங்கப் போனாள். கொல்லைக் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

கரடி வந்தது.

சத்தியமாக சார். எங்கள் பக்கத்துக் கரடிக்கு எண்ணெய் என்றால் உயிர். கோயிலுக்குள் புகுந்து விளக்கிலிருக்கிற எண்ணெயை நக்கிவிட்டுத் திரியைத் துப்பிவிட்டுப் போகும். கொல்லை வழியாக வந்து, என்னை ஒருமுறை பார்த்து, மரியாதையாக ஒதுங்கிப் போயிற்று. நான் கையில் தைலப் பாட்டிலோடு நேருக்கு நேர் நின்றேன். என்ன? மாதியம்மா வேறு மாதிரி சொல்வாள். நான் பீரோ மேலே உட்கார்ந்திருந்தேன் என்பாள். உட்கார்ந்திருந்தேன், இல்லையென்று சொல்லவில்லை. உயரத்திலிருந்து தாக்கினால் அடி பலமாக விழும் என்றுதான் ஏறினேன்.

அது முதலில் அதிரசத்தைத் தின்றது. பாயசத்தைக் குடித்தது. அப்புறம் தலையை நிமிர்த்திச் சுவரைப் பார்த்தது. கஞ்சி வாசனை, வெல்ல வாசனை, தைல வாசனை. இரண்டு காலில் எழுந்து நின்றது. என் மாமனாரும் அதுவும் மூக்கோடு மூக்கு. பிறகு நக்கியது பாருங்கள், தாடையில் ஆரம்பித்து, பல், மீசை, மூக்கு, நெற்றி என்று ஒரு பிசிறு விடாமல் நக்கியது. மீசை மட்டும் கொஞ்சம் நேரம் பிடித்தது. முடித்துவிட்டு ஒரு தும்மல் தும்மியது. கூரைத் தகரம் எகிறி உட்கார்ந்தது. போய்விட்டது.

சுவர் வெள்ளை வெளேரென்று இருந்தது. நான் பீரோ மேலிருந்து பார்த்தேன். அத்தனை தைலத்தாலும் ஆகாத காரியம்... இல்லை, தப்பாகச் சொல்கிறேன். தைலத்தால்தான் ஆயிற்று. தைலம் இல்லாவிட்டால் கரடி வந்திருக்குமா?

அந்த நேரம் மயிலா கற்பூரத்தோடு உள்ளே வந்தாள். இலையைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். பீரோ மேலே என்னைப் பார்த்தாள்.

“எங்கய்யன் எங்க?”

நான் நடந்ததைச் சொன்னேன் சார். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஆனால் சொல்லும்போது என் முகம் என் பேச்சைக் கேட்கவில்லை. மீசை நக்கின இடம் வந்தபோது...

“சிரிச்சீங்களா?”

“இல்ல மயிலு.”

“சிரிச்சீங்க. எங்கய்யனக் கரடி நக்கிட்டுப் போயிருக்குது, நீங்க பீரோ மேல உக்காந்துட்டுச் சிரிச்சீங்க. தைலம் தேச்சதெல்லாம் இதுக்குத்தானா? கரடிக்கு ருசி காட்டத்தானா?”

“கரடி வருமுன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“அப்ப எதுக்குத் தேச்சீங்க?”

மாட்டிக்கொண்டேன். “எங்கய்யன் திரும்ப இந்தச் செவுத்துக்கு வந்தாத்தான் நான் இந்த ஊட்டுக்கு வருவேன்” என்று சொல்லிவிட்டு மறுநாள் முதல் வண்டிக்கே சிறுமுகை போய்விட்டாள்.

முதல் நாள் ஜாலியாகத்தான் இருந்தது. டி.வி.யைச் சத்தமாக வைத்தேன். நினைத்தபோது வெளியே போனேன். வெளியே போய் என்ன செய்வது என்று தெரியாமல் திரும்பி வந்தேன். காப்பி போட்டேன். அதைக் காப்பி என்று நான்தான் சொல்ல வேண்டும். இரண்டாவது நாள், போகலாமா என்று கேட்க ஆளில்லை, வேண்டாம் என்று சொல்லவும் ஆளில்லை. ஒரு மனுஷன் தான் சொல்கிற பொய்யை, ‘இது பொய்’ என்று சொல்ல வீட்டில் ஒருத்தரும் இல்லாமல் எத்தனை நாள்தான் இருப்பான்? தானே நம்ப ஆரம்பித்துவிடுகிறான் சார். ஆபத்து அது.

அதனால் மாமனாரைத் திரும்ப வரவழைக்க முடிவு செய்தேன்.

அதே கஞ்சி, அதே வெல்லம், அதே தைலங்கள், அதே வரிசை. கொல்லைக் கதவை மட்டும் மறக்காமல் தாழ் போட்டேன். சுவரின் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பேசினேன். “மாமா, வாங்க மாமா. நடந்தது நடந்துபோச்சு. மோதிரம் வேண்டாம், குடையே போதும். குடை நல்லாத்தான் இருந்துச்சு, இன்னும் கம்பி வளையல.” தைலம் வாங்கப் போனபோது கடைப்பையன் கேட்டான், “என்ன அண்ணே, பூசணத்தப் போக்கவா?” என்று. “வளர்க்க” என்றேன். அவன் முதலாளியைக் கூப்பிட உள்ளே போனான், நான் வந்துவிட்டேன். தைலம் என் உடம்பில் இப்படி ஊறிப்போனது அந்த நாட்களில்தான்.

பலன் கிடைத்தது. ஒருநாள் காலையில் அதே இடத்தில் சாம்பல் நிறத்தில் லேசாக ஒரு புள்ளி. பிறகு ஒரு வட்டம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முழுசாக வரட்டும் என்று பொறுத்திருக்கலாம். பொறுக்கவில்லை. போனை எடுத்தேன். “மயிலு, ஐயன் வந்துட்டாரு!”

“மீசை?” என்றாள்.

“வந்துட்டே இருக்குது.”

“சரி. பாக்கறேன்” என்றாள்.

அடுத்தடுத்த நாளில் முகம் நன்றாகப் பூத்தது. மீசை வருகிற இடத்தை உற்று உற்றுப் பார்த்தேன். வரவில்லை. அதற்குப் பதில் காதுப் பக்கம் ஒன்று வந்தது. தோடு. மூக்கில் ஒரு பொட்டு. மூக்குத்தி. வாய், எதைக் கொடுத்தாலும் ‘இதென்ன இப்படி’ என்று சுளிக்கிற வாய். நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன்.

என் அம்மா.

எங்கள் அம்மா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது சார். மயிலாவும் அம்மாவும் ஒரே வீட்டில் இருந்த நாட்களைப் பற்றி நான் எதுவும் சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். புளியை ஊறவைக்கும்போது வெந்நீரா பச்சைத் தண்ணீரா என்று ஆரம்பித்த பேச்சு, என் தம்பி கல்யாணப் பந்தியிலும் தொடர்ந்து, அம்மாவின் கடைசி நாள்வரை முடிவுக்கு வரவில்லை. கடைசியாக அம்மா கண்ணைத் திறந்து சொன்னது “பச்சைத் தண்ணி” என்றுதான். மகனுக்கு ஏதோ சொல்கிறாள் என்று எல்லாரும் அழுதார்கள். எனக்கும் மயிலாவுக்கும் மட்டும் தெரியும்.

அந்த அம்மாதான் இப்போது வந்து, சமையல்கட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். துடைக்கலாம் என்று ஈரத்துணியை எடுத்தேன். கை வரவில்லை சார், பெற்ற தாய். அப்படியே விட்டால் மயிலா வருவாளா? மயிலாவுக்கு உண்மையைச் சொன்னால் இந்த ஜென்மத்தில் வரமாட்டாள். சொல்லாமல் கூட்டிப்போய்க் கதவைத் திறந்தால் என்ன ஆகும்? நீங்கள் படித்தவர் மாதிரி இருக்கிறீர்கள், ஒரு யோசனை சொல்லுங்கள். போகிற வழியிலேயே சொல்லிவிடட்டுமா? பாதி மலையில் இறங்கிக்கொள்வாளோ?

இருங்கள். சிறுமுகை வண்டி.

அதோ, பச்சைச் சேலை. அவள்தான். கையில் துணிப்பை இல்லை பாருங்கள், போகும்போது எடுத்துப்போன பையைக் காணோம்! திரும்பிப் போகத்தான் வந்திருக்கிறாள். இல்லை இல்லை, பின்னால் கண்டக்டர் எடுத்துக் கொடுக்கிறார். பை இருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது, ஏதோ பிளாஸ்டிக் டப்பா. நீங்கள் எழுந்திருக்காதீர்கள் சார். தெரியாதவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் கொஞ்சம் அடக்கிப் பேசுவாள்.

“வா மயிலு. சாப்பிட்டியா?”

“உங்கம்மா எப்ப வந்தாங்க?”

...பார்த்தீர்களா சார்.

“எந்த அம்மா?”

“மாதியக்கா போட்டோ அனுப்பிச்சுது. ஜன்னல் வழியா எடுத்திருக்குது. தோடு, மூக்குத்தி எல்லாம் அச்சு அசலா இருக்குது. ஐயன் வந்துட்டாருன்னு வாய் கூசாமப் பொய் சொல்றீங்க.”

“வந்துட்டாருன்னுதான் நெனச்சேன் மயிலு. கடைசியில அம்மாவாத் திரும்பிட்டாரு.”

“எந்தப் பக்கம் பாத்து உக்காந்திருக்காங்க?”

“...சமையக்கட்டு.”

“அதான பாத்தேன்! நான் இருக்கறப்ப வரல. நான் இந்தப் பக்கம் வந்ததும் சமையக்கட்டப் பாத்து வந்து உக்காந்துட்டாங்க. நான் இல்லாத ஊட்டுல அவுங்களத் தனியா உட்டுட்டு நான் சிறுமுகையில உக்காந்திருப்பனா?”

“அப்ப, ஐயன் வந்தாத்தான் வருவேன்னு...”

“ஐயன் அண்ணன் ஊட்டுக்கு வந்துட்டாரு. பாத்ரூம் செவுத்துல. நான் போயி விளக்கு எடுத்துட்டு வர்றதுக்குள்ள அண்ணி பிளீச்சிங் பவுடரக் கொட்டி ஒரே தேய்ப்பு. மீசை முதக்கொண்டு போயிருச்சு. பெத்த பொண்ணு நிக்கறேன், ஒரு வார்த்தை கேக்கல. அந்த ஊட்டுல இனி மனுசி இருப்பாளா? மிச்சப் பவுடர எடுத்துட்டு வந்துட்டேன். இந்தாங்க, புடிங்க.”

“புடிச்சுட்டேன் மயிலு.”

கேட்டீர்களா சார்? வருகிறாள்! மலைக்கு வருகிறாள்! அங்கே பாருங்கள், கோத்தகிரி போர்டு மாட்டுகிறார்கள், மண்ணை அள்ளிவிட்டார்கள் போலிருக்கிறது. அவள் ஏறி எனக்கும் சேர்த்து இடம் போட்டுவிட்டாள், ஜன்னலில் கர்ச்சீப் தெரிகிறது. என் தைலத்தைப் பற்றிச் சிரித்தீர்களே, இப்போது என்ன சொல்கிறீர்கள்? வேறு யார் தைலத்துக்காவது கோபித்துக்கொண்டு போன பெண்டாட்டி திரும்பி வந்ததாகக் கேள்விப்பட்டதுண்டா?

என்ன, இந்த டப்பாவைப் பார்க்கிறீர்கள். புரிகிறது. பெற்ற தாயாயிற்றே என்கிறீர்கள். எனக்கும் வருத்தம்தான். ஆனால் குன்னூரில் என் தங்கச்சி இருக்கிறாள், அவள் வீட்டிலும் சுவர் இருக்கிறது.